சொல்லி வைத்தாற்போல் பிளக்கும் கற்கள்: வாசகர் கேள்வி – பதில்

கனிமங்கள் ஏன் சில திசைகளில் மட்டும் தட்டையாகப் பிளக்கின்றன என்பது பற்றி வந்த கடிதங்களிலிருந்து சில கேள்விகள் இங்கே. ஒரே விஷயத்தைக் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: ஒரு கனிமத் துண்டில் பளபளவென்று தட்டையான முகம் தெரிகிறது. அது படிகம் வளர்ந்தபோதே உண்டான முகமா, உடைந்தபோது உண்டான பிளவுத்தளமா? ஆய்வக வாய்மொழித் தேர்வில் எனக்கு எப்போதும் இதில்தான் மதிப்பெண் போகிறது.
– நிலவியல் மாணவி, சேலம்

உங்களுக்கு மட்டுமல்ல, பலருக்கும் அங்கேதான் போகிறது. தட்டையாக இருக்கிறதா என்று பார்ப்பதை நிறுத்திவிட்டு, அந்தத் தட்டை திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். வளர்ந்த முகம் மேற்பரப்போடு முடிந்துவிடும். உடைத்தால் அது போய்விடும், உள்ளே அதே போல் இன்னொன்று இருக்காது. பிளவுத்தளம் அப்படியில்லை. அதே திசையில் எத்தனை முறை உடைத்தாலும் அதற்கு இணையாக இன்னொரு தளம் வரும்.

மாதிரியை உடைக்க ஆய்வகத்தில் விடமாட்டார்கள். உடைக்காமலே பார்க்கலாம். ஒரே ஒரு டார்ச் வெளிச்சத்தில் துண்டை மெதுவாகத் திருப்புங்கள். பிளவு இருந்தால், உடைந்த பக்கத்தில் படிப்படியாக இறங்கும் சின்னச் சின்னத் தளங்கள் எல்லாம் ஒரே கோணத்தில் ஒரே நேரத்தில் மின்னி, ஒரே நேரத்தில் அணையும். அடுத்து, 10 மடங்கு லென்ஸால் உள்ளே பாருங்கள். தளத்துக்கு இணையான மெல்லிய கீறல்கள் தெரியும், சில இடங்களில் அவற்றினுள் காற்று புகுந்து வானவில் நிறம் காட்டும். வளர்ந்த முகத்திலோ வரிவரியான கோடுகளும் சிறு குழிகளும் ஒட்டிப்பிடித்த பழுப்புப் படிவும் இருக்கும். குவார்ட்ஸின் பக்கவாட்டு முகங்களில் குறுக்குவாக்கில் ஓடும் கோடுகள் இதற்கு நல்ல உதாரணம்.

அந்தக் குவார்ட்ஸைத்தான் தேர்வில் வைப்பார்கள். ஆறு பக்கமும் வழவழவென்று இருப்பதைப் பார்த்து ‘ஆறு பிளவு’ என்று சொல்லிவிடுகிறார்கள். குவார்ட்ஸில் சொல்லிக்கொள்ளும்படி பிளவே கிடையாது. அடிப்பாகம் உடைந்த இடத்தைப் பாருங்கள், சிப்பி ஓட்டின் உட்புறம் போல வளைவு வளைவாக இருக்கும். அதன் பெயர் சிப்பி முறிவு.

இன்னொரு இடறல்: முகங்களை எண்ணாதீர்கள், திசைகளை எண்ணுங்கள். கலீனா என்ற ஈயத்தாது கனசதுரமாக உடைகிறது. முகங்கள் ஆறு, பிளவுத் திசைகள் மூன்று. எதிரெதிர் முகங்கள் இரண்டும் ஒரே திசை.

கேள்வி: எங்கள் பக்கத்துக் களிமண் நிலத்தில் மழைக்குப் பிறகு கண்ணாடி போன்ற தகடுகள் மேலே வருகின்றன. நகத்தால் நெம்பினால் ஏடு ஏடாகப் பிரிகின்றன. காக்காப்பொன் என்கிறார்கள். அதுதானா?
– வாசகர், பெரம்பலூர்

உங்கள் பகுதிக் களிமண் அடுக்குகளில், குறிப்பாகக் காரை என்ற ஊரின் சுற்றுவட்டாரத்தில், ஜிப்சம் நிறையக் கிடக்கிறது. அதன் தெளிந்த தகட்டு வடிவம் செலினைட். உங்களுடையது பெரும்பாலும் அதுவே. மூன்று சோதனை போதும். நகத்தால் தகட்டின் மேல் கீறுங்கள். 1 முதல் 10 வரை போகும் கடின அளவில் ஜிப்சம் 2, நகம் அதைவிடச் சற்று மேல், ஆகவே கோடு விழும். மெல்லிய ஏடு ஒன்றை எடுத்து வளைத்து விடுங்கள். காக்காப்பொன், அதாவது மைக்கா, துள்ளிப் பழைய நிலைக்கு வரும். ஜிப்சம் வளைந்தபடியே நிற்கும் அல்லது ஒடியும். கடைசியாக, ஒரு துணுக்கை இடுக்கியில் பிடித்து விளக்குச் சுடரில் காட்டுங்கள். ஜிப்சம் தன்னுள் இருக்கும் நீரை இழந்து சில நொடிகளில் பால் வெள்ளையாகி உதிரும், மைக்கா அசையாது.

இரண்டுமே ஒரு திசையில் மிக நன்றாகப் பிளப்பவை, ஆனால் காரணம் வேறு. மைக்காவில் சிலிக்கேட் தகடுகளுக்கு நடுவே பொட்டாசியம் அயனிகள் மட்டும் நின்று பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஜிப்சத்தில் அந்த இடத்தில் நீர் மூலக்கூறுகள் நிற்கின்றன. சுடர் பட்டதும் வெளியேறுவது அந்த நீர்தான்.

கேள்வி: பலவீனமான பிணைப்பு இருக்கும் இடத்தில் பிளக்கிறது என்று பாடநூல் சொல்கிறது. உப்பில் எல்லாப் பிணைப்பும் ஒரே மாதிரிதானே? அது ஏன் கனசதுரமாக உடைகிறது? இதை வகுப்பில் அதிகச் செலவில்லாமல் செய்துகாட்ட முடியுமா?
– அரசுப் பள்ளி ஆசிரியர், திண்டுக்கல்

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். ‘பலவீனமான பிணைப்பு’ என்பது பாதி உண்மை. மைக்காவுக்கும் கிராஃபைட்டுக்கும் அது பொருந்தும். கிராஃபைட்டில் ஓர் அடுக்குக்குள் கார்பன் அணுக்களின் இடைவெளி 1.42 ஆங்ஸ்ட்ராம், அடுக்குக்கும் அடுக்குக்கும் 3.35 ஆங்ஸ்ட்ராம். எங்கே பிரியும் என்று சொல்லவே வேண்டாம். ஆனால் உப்பில், வைரத்தில், பிணைப்புகள் எல்லாம் ஒரே தரம். அங்கே பார்க்க வேண்டியது, ஒரு தளத்தின் வழியே வெட்டினால் ஒரு சதுர நானோமீட்டருக்கு எத்தனை பிணைப்பு அறுபடும் என்பது. எந்தத் தளத்தில் அந்தக் கணக்கு மிகக் குறைவோ அந்தத் தளத்தில் பிளக்கும். உப்பின் கனசதுரத் தளம் ஒவ்வொன்றிலும் சோடியமும் குளோரைடும் சம எண்ணிக்கையில் மாறி மாறி நிற்கின்றன. தளம் மொத்தத்தில் மின்னேற்றமற்றது, ஆகவே பக்கத்துத் தளத்தோடு அதற்குள்ள பிடிப்பு மற்றத் திசைகளைவிடக் குறைவு. குவார்ட்ஸில் சிலிக்கான்–ஆக்சிஜன் வலை எல்லாப் பக்கமும் ஏறக்குறைய ஒரே வலுவோடு பின்னியிருக்கிறது. விரிசலுக்கு இலகுவான வழி கிடைக்காததால் அது வளைந்து வளைந்து போகிறது.

வகுப்புக்கு முதலில் கல் உப்பு. பரல்களை லென்ஸில் காட்டினால் சதுர சதுரமாகத் தெரியும், ஆனால் அது வளர்ந்த வடிவம். பிளவைக் காட்ட, பெரிய பரல் ஒன்றை இரண்டு கரண்டிகளுக்கு நடுவே வைத்து நசுக்கி, கறுப்புக் காகிதத்தில் கொட்டிப் பாருங்கள். நொறுங்கிய துகள்களிலும் செங்கோணங்கள் இருக்கும். நாட்டு மருந்துக் கடை இந்துப்பு இன்னும் நல்லது. ஆனால் கட்டியாக இருப்பதெல்லாம் உதவாது. சிறு மணிகள் ஒட்டிய கட்டி பொலபொலவென்று உதிரும். உள்ளே ஊடுருவிப் பார்க்க முடிகிற தெளிவான துண்டாகப் பொறுக்குங்கள்.

மனதில் நிற்பது கால்சைட்தான். மாதிரிகள் விற்கும் கடையில் ‘ஐஸ்லாந்து ஸ்பார்’ என்று கேட்டு, 5–6 செ.மீ. அளவில் தெளிந்த துண்டு ஒன்று வாங்குங்கள். தேவையானவை: 100–200 கிராம் சுத்தியல், முனை மழுங்காத பழைய மேசைக்கத்தி, ஒரு மரப்பலகை, கண்ணாடி. மூக்குக்கண்ணாடி போதாது, பக்கம் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். ஒடித்து ஒடித்துப் பயன்படுத்தும் பேப்பர் கட்டர் பிளேடைத் தொடவே வேண்டாம். அது ஒடிவதற்கென்றே செய்தது, சுத்தியல் பட்டால் சிதறிக் கண்ணுக்கு வரும்.

துண்டைப் பலகையில் படுக்க வைத்து, ஏற்கெனவே இருக்கும் ஒரு முகத்துக்குச் சரியாக இணையாகக் கத்தியின் விளிம்பை நிறுத்துங்கள். உள்ளே மெல்லிய கீறல் ஏதாவது தெரிந்தால் அதன் மேலேயே வையுங்கள். பிறகு கத்தியின் முதுகில் ஒரே ஒரு சுருக்கான தட்டு. அழுத்தி அழுத்திப் பார்த்தால் கத்தி பட்ட இடம் நசுங்கி மாவாகும், விரிசல் ஓடாது. கத்தி 10 பாகை சாய்ந்திருந்தால்கூட ஒரே தளமாக வராமல் படிக்கட்டாக உடையும். சிமெண்ட் தரையில் வைத்துத் தட்டினால் அடிமூலை சில்லுச் சில்லாகப் போகும். மெத்தென்ற துணியடுக்கில் வைத்தால் தட்டின் வேகம் அதற்குள் போய்விடும். பலகைதான் சரி.

உடைந்த துண்டைப் பாகைமானியில் வைத்து அளக்கச் சொல்லுங்கள். ஏறக்குறைய 75, 105 பாகை வரும். மாணவர்கள் எத்தனை சிறிய துண்டை எடுத்தாலும் அந்த இரண்டு எண்கள்தான். மூன்று திசைகள், எதுவும் செங்கோணமில்லை. மீந்த துண்டைக் காகிதத்தில் உள்ள ஒரு புள்ளி மேல் வைத்தால் புள்ளி இரண்டாகத் தெரியும். துண்டைச் சுழற்றினால் ஒரு புள்ளி நிற்க, மற்றது அதைச் சுற்றி வரும். 1669-இல் டென்மார்க்கின் பார்த்தோலின் விவரித்த இரட்டை ஒளிவிலகல் இது. மணி அடிக்கும் முன் இரண்டு பாடம் முடிந்துவிடும்.

கேள்வி: உண்மையான வைரம் சுத்தியலுக்கும் உடையாது, அதுவே சோதனை என்று எங்கள் ஊர் நகைக்கடைக்காரர் சொல்கிறார். சரியா?
– வாசகி, தஞ்சாவூர்

தயவுசெய்து சோதித்துப் பார்க்காதீர்கள். கண்ணாடி மட்டுமல்ல, அசல் வைரமும் உடையும். கடினம் என்பது கீறலைத் தாங்கும் திறன், அடியைத் தாங்கும் திறன் வேறு. வைரம் முதலாவதில் எல்லாவற்றுக்கும் மேல். இரண்டாவதில் அதற்கு நான்கு பலவீனத் திசைகள் உண்டு. இரண்டு பிரமிடுகளை அடியோடு அடி ஒட்டினாற்போன்ற எண்முக வடிவத்தின் முகங்களுக்கு இணையானவை அவை.

வைரம் அறுப்போர் இந்தப் பலவீனத்தை வைத்தே நெடுங்காலம் பிழைத்தார்கள். கல்லை ஒரு பிடியின் நுனியில் ஒட்டுப்பசையில் பதித்து, இன்னொரு வைரத்தின் கூர்முனையால் பிளவுத் திசையில் ஒரு சிறு காடி அறுப்பார்கள். அதில் எஃகுத் தகடு ஒன்றைச் செருகி, முதுகில் ஒரு தட்டு. நுட்பம் எங்கே என்றால், தகட்டின் விளிம்பு காடியின் அடியைத் தொடக்கூடாது. இரண்டு பக்கச் சுவர்களையும் விலக்கித் தள்ள வேண்டும், விறகில் இறங்கும் ஆப்பு போல. அடியைத் தொட்டால் அந்த இடம் நொறுங்கி, விரிசல் எங்கெங்கோ ஓடும். திசை தவறினாலும் அதே கதி.

1905-இல் தென்னாப்பிரிக்காவின் பிரீமியர் சுரங்கத்தில் கிடைத்த கல்லினன் வைரம் 3,106 காரட், ஏறத்தாழ 621 கிராம். 1908 பிப்ரவரியில் ஆம்ஸ்டர்டாமில் ஜோசப் ஆஷர் அதை இந்த முறையில்தான் பிளந்தார். ஒன்பது பெரிய கற்களும் 96 சிறிய கற்களும் அதிலிருந்து வந்தன. வெற்றிக்குப் பின் அவர் மயங்கி விழுந்தார் என்று ஒரு கதை உலவுகிறது. அதை நம்பத் தேவையில்லை. கவனிக்க வேண்டிய விஷயம் வேறு: கிடைத்தபோதே அந்தக் கல்லின் ஒரு பக்கம் பெரிய பிளவுத்தளமாக இருந்தது. அதாவது, அது இன்னும் பெரிய படிகம் ஒன்றின் துண்டு.

இன்று பெரும்பாலும் லேசர் வெட்டுகிறது, அதற்குப் பிளவுத் திசை தேவையில்லை. ஆனால் உங்கள் மோதிரத்துக்கு இந்தத் திசைகள் இன்றும் பொருந்தும். சதுர வெட்டின் நான்கு மூலைகளும் கண் வடிவ வெட்டின் இரண்டு முனைகளும் சில்லுப் போகும் இடங்கள். அங்கே முனையை இருபுறமும் மூடிப்பிடிக்கும் கொக்கி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: டோபாஸ் மோதிரத்தை நகைக்கடையின் அதிர்வு இயந்திரத்தில் போட்டு எடுத்தேன். கல்லின் குறுக்கே ஒரு நேர்க்கோடு விழுந்துவிட்டது. கடினம் 8 உள்ள கல்லுக்கு இப்படி ஆகுமா?
– வாசகி, சென்னை

ஆகும், நேர்க்கோடாக விழுந்ததே அதற்குச் சான்று. டோபாஸ் ஒரே ஒரு திசையில் மிக எளிதாகப் பிளக்கும். அந்தத் தளத்தின் வழியே போகும் விரிசல், கல்லின் வலுவான சிலிக்கான்–ஆக்சிஜன் பிணைப்பு ஒன்றைக்கூட அறுக்க வேண்டியதில்லை. அலுமினியத்தோடு உள்ள பிணைப்புகளை அறுத்துக்கொண்டு போய்விடுகிறது. முன்பே கண்ணுக்குத் தெரியாத சிறு கீறல் இருந்து, அல்ட்ராசானிக் அதிர்வு அதை நீட்டியிருக்கும்.

இனி அந்த விரிசல் மேலும் நீளாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. இயந்திரமும் நீராவியும் வேண்டாம். வெதுவெதுப்பான நீரில் இரண்டு சொட்டுப் பாத்திரச் சோப்பு, பத்து நிமிட ஊறல், மென்மையான பல்துலக்கி, போதும். சூடான நீரிலிருந்து எடுத்து உடனே குழாயடியில் காட்டாதீர்கள். மோதிரத்தைப் பெரிதாக்கக் கொடுத்தால், பற்றாசு வைத்து ஊதும் முன் கல்லைக் கழற்றச் சொல்லுங்கள்.

முதலில், உங்களுடையது டோபாஸ்தானா என்று ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது. கடைகளில் புஷ்பராகம் என்று விற்பது பெரும்பாலும் மஞ்சள் நீலக்கல்வகை, அதாவது குருந்தம். அதன் ஒப்படர்த்தி 4.0. டோபாஸ் 3.5–3.6. மஞ்சள் குவார்ட்ஸ் 2.65. நேர்க்கோட்டுப் பிளவு வருவது நடுவில் உள்ளதற்குத்தான்.

பட்டை தீட்டுவோர் டோபாஸின் மேல்முகத்தைப் பிளவுத்தளத்திலிருந்து குறைந்தது 5 முதல் 10 பாகை சாய்த்து வைப்பார்கள். சரியாகத் தளத்திலேயே அமைந்துவிட்டால் மெருகு ஏறாது, தேய்க்கத் தேய்க்கச் சிறு செதிள்கள் பெயர்ந்து வரும்.

கேள்வி: கடப்பாக் கல் பலகை பலகையாகப் பிளப்பதும் இதுதானே?
– கட்டட மேற்பார்வையாளர், வேலூர்

இல்லை. அது பாறையின் படிவு அடுக்கு. கடலடியில் சுண்ணாம்புச் சேறு அடுக்கடுக்காகப் படிந்த இடைவெளியில் பிரிகிறது. அதற்குள் இருக்கும் கால்சைட் மணிகளின் பிளவுத் திசைகள் அதைச் சட்டை செய்வதே இல்லை. ஸ்லேட் வேறு வகை: அழுத்தத்தில் நுண்ணிய மைக்காச் செதிள்கள் எல்லாம் ஒரே பக்கம் படுத்ததால் பாறை முழுவதும் அந்தத் திசையில் பிளக்கிறது.

கேள்வி: மாக்னசைட்டுக்கும் கால்சைட் போலவே மூன்று திசைப் பிளவு உண்டு என்று படித்தேன். சேலத்து வெள்ளைக்கல்லை எத்தனை உடைத்தாலும் ஒரு தளமும் வரவில்லையே?
– வாசகர், ஓமலூர்

அங்குள்ள மாக்னசைட்டின் மணிகள் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணியவை, ஒவ்வொன்றும் ஒரு பக்கம் பார்த்துக் கிடக்கின்றன. பிளவு ஒவ்வொரு மணிக்குள்ளும் இருக்கிறது, கட்டியில் தெரியாது. அதனால்தான் பீங்கான் போல வளைந்து உடைகிறது. பிளவை வைத்துக் கனிமம் அறிய, ஒரே படிகம் குறைந்தது லென்ஸில் தெரியும் அளவுக்காவது இருக்க வேண்டும்.

கேள்வி: பல்லாவரத்துச் சார்னோக்கைட் பாறையின் மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் வைத்து, ஹைப்பர்ஸ்தீன், ஹார்ன்பிளெண்ட் என்ற இரண்டு கனிமங்களைப் பிளவுக்கோணத்தால் பிரித்தறியச் சொன்னார்கள். எனக்கு 40, 70, 110 என்று என்னென்னவோ வருகிறது.
– முதுநிலை மாணவர், சென்னை

கோணம் உங்களை ஏமாற்றவில்லை, நீங்கள் தேர்ந்தெடுத்த மணி ஏமாற்றியிருக்கிறது. ஹைப்பர்ஸ்தீன் உட்பட்ட பைராக்சீன்களில் இரண்டு பிளவுகளும் ஏறத்தாழ 87, 93 பாகையில் வெட்டிக்கொள்ளும். ஹார்ன்பிளெண்ட் உட்பட்ட ஆம்ஃபிபோல்களில் 56, 124. ஆனால் இந்த எண்கள், படிகத்தின் நீளவாக்குக்குச் செங்குத்தாக வெட்டுப்பட்ட மணியில் மட்டுமே சரியாக வரும். சாய்வாக வெட்டுப்பட்டதில் கோணம் எதுவாகவும் இருக்கலாம். நீளவாக்கில் வெட்டுப்பட்டதில் இரண்டு கனிமத்திலும் ஒரே தொகுதி இணைகோடுகள்தான் தெரியும்.

சரியான மணியை இப்படிப் பொறுக்குங்கள். இரண்டு தொகுதிக் கோடுகளும் மெல்லியதாகக் கூர்மையாக இருக்க வேண்டும். நுண்ணோக்கியின் குவியத்தை மேலும் கீழும் நகர்த்துங்கள். கோடு பக்கவாட்டில் நகர்ந்தால் அந்தத் தளம் சாய்ந்து நிற்கிறது, மணியை விட்டுவிடுங்கள். அசையாமல் நின்றால், ஒரு கோட்டைக் குறுக்கிழையோடு பொருத்தி மேடையின் எண்ணைக் குறித்து, மற்றதுக்குத் திருப்பி மறுபடி குறியுங்கள். ஐந்தாறு மணிகளிலாவது அளந்து, 90-ஐ ஒட்டியோ 56-ஐ ஒட்டியோ குவிகிறதா என்று பாருங்கள். கூடவே நிறத்தையும் பாருங்கள்: மேடையைத் திருப்பும்போது இளஞ்சிவப்புக்கும் இளம்பச்சைக்கும் மாறினால் ஹைப்பர்ஸ்தீன், அடர்ந்த பச்சையும் பழுப்புமாக மாறினால் ஹார்ன்பிளெண்ட். சீவல் 0.03 மி.மீ.க்கு மேல் தடித்திருந்தால் கோடுகள் மங்கிவிடும். அப்போது தேய்த்தவரைத்தான் கேட்க வேண்டும்.

கோணம் வேறுபடக் காரணம் சங்கிலிகள். பைராக்சீனில் சிலிக்கேட் சங்கிலி ஒற்றை, ஆம்ஃபிபோலில் இரட்டை. விரிசல் சங்கிலியை அறுக்காமல் சுற்றிக்கொண்டு போகிறது. அகலமான சங்கிலியைச் சுற்றும்போது கோணம் விரிகிறது.

சார்னோக்கைட்டுக்கு 1893-இல் பெயர் வைத்தவர் நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து. கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறைக்கல் இந்தப் பாறையால் ஆனது; பெயர் அவரிடமிருந்து வந்தது.

கேள்வி: மிக அதிகத் திசைகளில் பிளக்கும் கனிமம் எது?
– எட்டாம் வகுப்பு மாணவன், மதுரை

ஸ்பாலரைட், துத்தநாகத் தாது. ஆறு திசைகள். பன்னிரண்டு முக வடிவத்தின் முகங்களை இரண்டிரண்டாகச் சேர்த்தால் ஆறு.

கேள்வி: சித்தம்பூண்டிப் பக்கம் கிடைத்த குருந்தக்கல் தட்டையாகத்தான் உடைந்திருக்கிறது. குருந்தத்துக்குப் பிளவே இல்லை என்கின்றன நூல்கள். நூல் தவறா, என் கல் போலியா?
– வாசகர், நாமக்கல்

இரண்டுமில்லை. நீங்கள் பார்ப்பது பிளவு (கிளீவேஜ்) அல்ல, பிரிவு (பார்ட்டிங்). பிளவு என்பது அணு அமைப்பிலேயே இருப்பது. அந்தக் கனிமத்தின் எந்த மாதிரியிலும், எந்த இடத்திலும், அணு இடைவெளிக்கு ஒன்றாகக் கிடைக்கும். பிரிவு அப்படியில்லை. படிகம் வளரும்போது இரட்டைப் படிகமாக ஒட்டிய தளத்திலோ, பின்னால் வேறொரு கனிமம் மெல்லிய ஏடாகப் படிந்த தளத்திலோ மட்டும் வரும். குருந்தத்தில் பெரும்பாலும் அடித்தளத்துக்கு இணையாகவும் சாய்சதுர முகங்களுக்கு இணையாகவும் வரும். அதே ஊர்க் கல்லில் ஒன்று தட்டையாக உடையும், இன்னொன்று சிப்பி முறிவாக உடையும்.

சோதிக்க வேண்டுமானால் தட்டைத் தளங்களுக்கு இடையே உள்ள தூரத்தைப் பாருங்கள். பிளவாக இருந்தால் எவ்வளவு மெல்லியதாகவும் பிரிக்கலாம். பிரிவாக இருந்தால் ஒரு மில்லிமீட்டர், மூன்று மில்லிமீட்டர் என்று தளங்கள் இருக்கும் இடத்தில்தான் பிரியும், நடுவில் எத்தனை தட்டினாலும் வளைந்தே உடையும். பட்டை தீட்டக் கொடுக்கும் எண்ணமிருந்தால் முதலில் கல்லை நீரில் நனைத்து, பின்னாலிருந்து டார்ச் அடித்து இந்தத் தளங்களைக் குறித்துக்கொண்டு, அவற்றின் வழியே துண்டாக்கச் சொல்லுங்கள். தளத்தைக் குறுக்கே வைத்துத் தீட்டினால் சக்கரத்தின் சூட்டிலும் அழுத்தத்திலும் பாதியில் இரண்டாகும்.